மேசைக்கடியில் மின்னும் சின்னப் பெட்டி

2024 மார்ச் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. நோன்புப் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் அடுத்தடுத்து வந்த வருடம் அது. புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் கால் வைக்க இடமில்லை. எனது புடவைக் கடையில் குருநாகல், புத்தளம், மாத்தளைப் பக்கத்திலிருந்து மொத்தமாகச் சரக்கெடுக்க வந்தவர்கள் பண்டல்களைக் கட்டி வைத்துவிட்டு பில்லுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். பதினொரு மணியளவில் பில் போடும் கணனிகள் இரண்டும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன. மாடியில் கணக்குகளை வைத்திருக்கும் பிரதான கணனியோடு தொடர்பில்லை என்று திரையில் வந்தது. அணைத்துப் போட்டோம். மீண்டும் அதே கதைதான்.

புதிதாகச் சேர்ந்த கவுண்டர்ப் பையன் தனது போனைக் கணனியில் செருகி சார்ஜ் போடுவதை இரண்டு நாட்களுக்கு முன் கண்டிருந்தேன். "வைரஸ் ஏத்திட்டாய்" என்று ஆட்களுக்கு முன்னால் அவனை ஏசிவிட்டேன். நோன்போடு நின்ற பிள்ளை, ஒன்றும் பேசவில்லை. மென்பொருள் போட்டுத் தந்தவர்களுக்குப் போன் எடுத்தபோது, பிரதான கணனி பழையது, மாற்ற வேண்டி வரும், திங்கட்கிழமை வந்து பார்க்கிறோம் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. கடைசியில் காபன் தாள் வைத்த பழைய பில் புத்தகத்தைத் தேடி எடுத்தோம். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லி இரண்டு பேர் பண்டலை அவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

பின்னேரம் மூன்று மணிக்கு அக்குறணையிலிருந்து என் தங்கையின் மகன் வந்தான். நெட்வேர்க் வேலை பார்க்கிறவன். அவன் கணனியைத் தொடவே இல்லை. நேராக மேசைக்கடியில் குனிந்து, அங்கிருந்த சிறிய பெட்டியைப் பார்த்தான். அதன் விளக்குகள் எல்லாம் ஒரே தாளத்தில் விடாமல் மின்னிக்கொண்டிருந்தன.

"மாமா, இந்த வயருட ரெண்டு தலையும் ஒரே பெட்டிக்குள்ளதானே ஈக்கிது. யார் இதக் குத்தின?"

குத்தியது நான்தான். அன்று காலை விழுந்த பேனையை எடுக்கக் குனிந்தபோது ஒரு வயரின் நுனி நிலத்தில் கிடந்தது. பெட்டியிலும் ஒரு துளை காலியாக இருந்தது. கழன்று விழுந்திருக்கும் என்று நினைத்துச் செருகிவிட்டேன். மற்ற நுனி ஏற்கனவே அதே பெட்டியில் இருப்பதை நான் கவனிக்கவில்லை. மருமகன் அதைப் பிடுங்கினான். ஒரு நிமிடத்துக்குள் இரண்டு கவுண்டரும் வேலை செய்யத் தொடங்கின. அதே ஆட்களுக்கு முன்னால் பையனிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று பார்த்தால், அந்த ஆட்கள் எல்லாம் போய்விட்டிருந்தார்கள். இருந்தவர்களுக்கு முன்னால் கேட்டேன்.

அந்தப் பெட்டிக்குப் பெயர் நெட்வேர்க் சுவிட்ச். பில் போடும் கணனி, பிரின்டர், கமெரா என்று கடைக்குள் வயரில் பேசிக்கொள்ளும் எல்லாவற்றையும் இணைப்பது இதுதான். ஐந்து அல்லது எட்டு துளைகளோடு வரும். துளையைப் போர்ட் என்பார்கள். கடையில் உள்ள சாமான்களிலேயே விலை குறைந்தது இதுவாகத்தான் இருக்கும், அதனால்தான் நாம் ஒருவரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வியாபாரம் நிற்பதானால் முதலில் இங்கேதான் நிற்கும் என்பதை நான் நாலு மணித்தியால வியாபாரத்தைக் கொடுத்துப் படித்தேன்.

2003இல் முதன்முதலாகக் கடைக்குக் கணனி போட்டபோது எனக்குக் கிடைத்தது ஹப் என்ற பெட்டி. ஒரு போர்ட்டில் வந்ததை அது மற்ற எல்லாப் போர்ட்டுக்கும் அப்படியே அனுப்பிவிடும். ஒருவருக்கு வந்த கடிதத்தைப் பிரதி எடுத்து எல்லாக் கடை வாசலிலும் போடுவதைப் போல. சுவிட்ச் அப்படிச் செய்யாது. நமது தெருவில் மூட்டை சுமக்கும் நாட்டாமியை நினைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்தவருக்கு எந்தக் கடை யாருடையது என்று தெரியாது. ஆனால் ஒரு கடையிலிருந்து மூட்டை வெளியே வரும்போது அதில் அனுப்புகிறவர் பெயர் இருக்கும். அதைப் பார்த்து இது இன்னாருடைய கடை என்று மனதில் வைத்துக்கொள்வார். அடுத்த முறை அவருக்கு மூட்டை வந்தால் நேராக அங்கேயே கொண்டு போவார். சுவிட்சும் அனுப்புகிறவரைப் பார்த்துத்தான் படிக்கிறது. ஒவ்வொரு கணனிக்கும் தொழிற்சாலையிலேயே பதித்த முகவரி ஒன்று உண்டு. எந்த முகவரி எந்தப் போர்ட்டில் என்று சுவிட்ச் தனக்குள் ஒரு பட்டியல் வைத்திருக்கும். பொதுவாக ஐந்து நிமிடம் சத்தமில்லாமல் இருந்தவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். நாம் எதையும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

ஈதர்நெட் என்ற இந்த வயர் முறையின் தொடக்கம் 1973இல், அமெரிக்காவின் ஸெரொக்ஸ் கம்பனியில் ரொபர்ட் மெட்காஃப் என்பவரிடம். ஆனால் அதற்கு முதல் சுவிட்சை 1990இல் விற்றது கல்பனா என்ற கம்பனி. ஆம், நமக்குத் தெரிந்த கல்பனா என்ற பெயர்தான். அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் இந்தியரான வினோத் பரத்வாஜ். ஏழு போர்ட் கொண்ட பெட்டி அது. 1994இல் சிஸ்கோ கம்பனி அதை வாங்கிவிட்டது.

இப்போது என் வயருக்கு வருவோம். யாரிடம் கொடுப்பது என்று தெரியாத பொதியையும், "எல்லோருக்கும்" என்று வருகிற அறிவித்தலையும் சுவிட்ச் வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் போடும். கணனிகள் ஒன்றையொன்று தேடும்போது இத்தகைய அறிவித்தல் அடிக்கடி போகும், அது வழமையானது. வயரின் இரண்டு முனையும் ஒரே பெட்டியில் இருந்தால், ஒரு முனையால் போன அறிவித்தல் மறுமுனையால் புதிய அறிவித்தலாகத் திரும்பி வரும். பெட்டி அதையும் எல்லோருக்கும் போடும். அது மீண்டும் வரும். இன்டர்நெட் பொதிகளில் ஓர் எண்ணிக்கை உண்டு, ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறைந்து, பூச்சியமானதும் பொதி செத்துவிடும். சுவிட்ச் பார்க்கிற பொதியின் மேலுறையில் அப்படி ஒன்றும் கிடையாது, எனவே அது சாகாமல் சுற்றும். கிகாபிட் வேகமுள்ள ஒரு போர்ட்டில் செக்கனுக்கு ஏறத்தாழ 14 இலட்சத்து 88 ஆயிரம் சிறிய பொதிகள் போகலாம். அவ்வளவும் வீண் அறிவித்தலாக நிறைந்துவிட்டால் என் பில்லுக்கு எங்கே இடம்? எல்லா விளக்கும் ஒன்றாக மின்னியது இதனால்தான்.

இதற்கான மருந்தை ரேடியா பெர்ல்மன் என்ற பெண்மணி 1985இல் எழுதி வைத்தார். சுற்று ஒன்று உருவானால் சுவிட்சே ஒரு போர்ட்டை அடைத்துவிடும் முறை அது. விலை கூடிய சுவிட்ச்களில் இருக்கும். நாம் வாங்கும் சாதாரணப் பெட்டிகள் பலவற்றில் இருக்காது. வாங்கும்போது சுற்றைக் கண்டுபிடிக்கும் வசதி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். கீழே ஒன்று, மாடியில் ஒன்று என்று இரண்டு சுவிட்ச் வைத்திருப்பவர்கள் அவற்றுக்கிடையில் ஒரே ஒரு வயர்தான் போகிறது என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு போட்டால் வேகம் கூடும் என்று நினைத்து என் கூட்டாளி ஒருவர் போட்டார். எனக்கு வந்த அதே வருத்தம் அவருக்கும் வந்தது.

பொருத்துவதில் பெரிய வித்தை இல்லை. மின்சாரம் கொடுத்து, ரவுட்டரிலிருந்து ஒரு வயரும் ஒவ்வொரு கணனியிலிருந்தும் ஒவ்வொரு வயரும் எந்தப் போர்ட்டிலாவது செருகினால் போதும். சுவிட்ச் தானாக இன்டர்நெட் தராது, கணனிகளுக்கு இலக்கமும் கொடுக்காது. அது ரவுட்டரின் வேலை. நம்மவர்கள் சிலர் வீட்டில் கிடந்த பழைய வைபை ரவுட்டரைக் கொண்டு வந்து சுவிட்சாகப் பாவிக்கிறார்கள். செய்யலாம், ஆனால் இலக்கம் கொடுக்கும் வசதியை அதில் நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு ரவுட்டர்கள் போட்டிக்கு இலக்கம் கொடுத்து, சில கணனி வேலை செய்யும், சில செய்யாது. ஒரு கடையில் இரண்டு முதலாளி இருந்தால் நடப்பதுதான்.

என் அனுபவத்தில் பெட்டியைவிட வயர்தான் அதிகம் ஏமாற்றும். உள்ளே எட்டு இழைகள், நான்கு சோடிகளாக இருக்கும். பழைய 100 மெகாபிட் வேகத்துக்கு நான்கு இழை போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். அதனால் எலி கடித்து ஓர் இழை அறுந்தால் சில வேளை வேலை நிற்காமல் வேகம் மட்டும் விழுந்துவிடும். ஏன் இன்று பில் மெதுவாக வருகிறது என்று நாம் கணனியை ஏசிக்கொண்டிருப்போம். அலுமினியத்தின் மேல் செப்பு பூசிய மலிவு வயர் சந்தையில் உண்டு. இழையின் நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வளைத்தால் முறியும் சாமான் அது. நுனிக்குப் பொருத்தும் பிளக்கில் வெள்ளை செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை கபிலம், கபிலம் என்ற ஒழுங்கு இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். நீளம் 100 மீற்றருக்கு மேல் போகக்கூடாது.

2022இல் மின்வெட்டு பல மணித்தியாலங்கள் நீடித்த காலத்தில் எல்லோரும் கணனிக்கு யூபிஎஸ் வாங்கினோம். நானும் வாங்கினேன். கரண்ட் போனதும் கணனி உயிரோடு இருந்தது, பில் மட்டும் போகவில்லை. சுவிட்ச் சுவரில் உள்ள சாதாரண பிளக்கில் இருந்தது! அது இழுப்பது சில வாட்தான்; அதையும் ரவுட்டரையும் யூபிஎஸ்ஸில் போட்டுவிடுங்கள். சித்திரை மாதத்திலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி இடிக்கும் நாட்களில் கரண்ட் பிளக்கைக் கழற்றினால் மட்டும் போதாது, வெளியே ஓடும் நெட்வேர்க் வயரையும் கழற்ற வேண்டும். மின்னல் அதன் வழியாகவும் வரும். ஸ்டோர் வேறு கட்டடத்தில் இருந்தால் இடையில் செப்பு வயருக்குப் பதிலாக ஒளியிழை போடுவது பாதுகாப்பு. செலவு கொஞ்சம் கூடத்தான்.

பில் நின்றால் இப்போது என் கடையில் ஒரு வழக்கம் உண்டு. யாரையும் ஏசுவதற்கு முன் மேசைக்கடியில் பார்ப்பது. விளக்கே இல்லையென்றால் மின்சாரம் அல்லது அடாப்டர். ஒரு போர்ட்டில் மட்டும் விளக்கில்லையென்றால் அந்த வயர், அல்லது அடுத்த முனையில் உள்ள கணனி. எல்லாம் ஒன்றாகத் துள்ளினால் சுற்று. கடைசியாகச் செருகியதைப் பிடுங்கு.

பெட்டியை நிலத்திலிருந்து எடுத்துச் சுவரில் ஏற்றியாயிற்று. ஒவ்வொரு வயரின் இரண்டு முனையிலும் இலக்கம் எழுதி டேப் ஒட்டி, காலியான போர்ட்களுக்கும் டேப் ஒட்டி, எது எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரைந்து பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறோம். வரைந்தவன் அந்தக் கவுண்டர்ப் பையன்தான். திங்கட்கிழமை வருவானோ மாட்டானோ என்று பயந்தேன், வந்துவிட்டான். தாளின் அடியில் சிவப்பு மையில் ஒரு வரி எழுதியிருக்கிறான்: "முதலாளி உட்பட யாரும் கேட்காமல் வயர் செருகக் கூடாது." நான் அதை அழிக்கவில்லை.