படுத்தால் உள்ளே போகும் வீக்கம்

கேமரன் மலையின் லெம்பா பெர்த்தாமில் கோஸ் கூடை சுமக்கும் ஆண்களும், பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து மூட்டை தூக்குபவர்களும் கவட்டில் வரும் குடலிறக்கத்தை வெளியில் சொல்ல மாட்டார்கள். தாதியாக வேலை பார்த்த என்னிடமே என் அத்தான் மறைத்தார். கால்சட்டைக்குள் பழைய கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு லாரியில் கூடை ஏற்றிக்கொண்டிருந்தார். கேட்டால், "போம்மா, பொம்பளப் புள்ளகிட்ட காட்டுற எடமா இது? படுத்தா உள்ள போயிடுது" என்றார்.

உள்ளே போவதால் குணமாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. கருவில் ஆண் குழந்தையின் விதைகள் வயிற்றிலிருந்து கீழே இறங்கும் பாதை சரியாக மூடாமல் இருந்தாலோ, வயதாகி அங்குள்ள தசைச்சுவர் தளர்ந்தாலோ, குடலோ கொழுப்போ அவ்வழியே பிதுங்கும். ஆண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ஆயுளில் இது வரக்கூடும். அப்பாவுக்கு இருந்தால் மகனுக்கும் வாய்ப்பு அதிகம். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்கும் அப்படித்தான்.

எல்லோரும் பாரத்தை மட்டுமே குறை சொல்கிறார்கள். அத்தானுக்கு சிகரெட், விடாத இருமல், மலச்சிக்கல் மூன்றும் இருந்தன. இருமினாலும் முக்கினாலும் அழுத்தம் அதே சுவரின் மேல்தான்.

தொந்தரவு தராத சிறிய வீக்கமென்றால் ஆண்கள் மருத்துவரின் கண்காணிப்பில் பொறுத்திருக்கலாம். பெண்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. மாத்திரையால் இது தீராது. பெல்ட் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். அறுவை சிகிச்சையில் பிதுங்கியதை உள்ளே தள்ளி, பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வலை வைத்துச் சுவரைப் பலப்படுத்துகிறார்கள். அந்த வலை விலை அதிகம் என்பதால், மகாராஷ்டிராவின் தோண்டாயிச்சாவில் டாக்டர் ரவீந்திரநாத் டோங்காவ்கர் கிருமி நீக்கிய கொசுவலைத் துணியை வைத்துத் தைத்தார். பின்னர் உகாண்டாவில் 302 ஆண்களிடம் அத்தகைய மலிவு வலையை விலையுயர்ந்த வலையோடு ஒப்பிட்டார்கள். 2016இல் வெளிவந்த முடிவின்படி, ஓராண்டுக்குப் பிறகும் மலிவு வலை சளைக்கவில்லை. கூலிக்காரர் உடம்பை நினைத்து வேலை செய்த அந்த டாக்டர்மேல் எனக்குத் தனி மரியாதை.

வீக்கம் கல்லுப்போல் இறுகி உள்ளே போக மறுத்தால், வலியோடு வாந்தி வந்தால், காற்றுப் பிரியாமல் வயிறு உப்பினால், அழுத்திப் பார்க்காதீர்கள். குடலுக்கு ரத்தம் போவது நின்றிருக்கலாம். உடனே தானா ராத்தா மருத்துவமனைக்குப் போங்கள். அங்கிருந்து ஈப்போவுக்கு அனுப்பினால் மலைப்பாதையில் நேரம் ஓடும். முன்பே நாள் குறித்துப் போய் அறுவை சிகிச்சை செய்துகொள்வது எவ்வளவோ மேல்.

அத்தானைத் தடுத்தது வெட்கம் மட்டுமல்ல. அறுவை சிகிச்சைக்குப் பிறகு நாட்கூலிக்காரர் சில வாரம் பாரம் தூக்காமல் எப்படிச் சாப்பிடுவார்? அக்கா முதலாளியிடம் நேரே போய்ப் பேசினார். தக்காளி தரம் பிரிக்கும் வேலை கிடைத்தது. அதன் பிறகுதான் அத்தான் அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கினார்.