பூனைக்குச் சொறியா? மாட்டு உண்ணி மருந்தைத் தடவாதீர்கள்!

நெல், நிலக்கடலை மூட்டை அடுக்கிய வீடுகளில் எலிக்குக் காவல் பூனைதான். அந்தப் பூனைக்கு முடி கொட்டி, தோலில் பொருக்குத் தட்டினால், சிலர் மாட்டு உண்ணிக்கு வாங்கி மீதம் வைத்திருக்கும் மருந்தைக் கலக்கித் தடவிவிடுகிறார்கள். சொறி போவதற்குள் பூனை போய்விடக்கூடும்.

டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், பெர்மெத்ரின் போன்ற மருந்துகளை மாடும் நாயும் தாங்கும் அளவுக்குப் பூனை தாங்காது. அவற்றைச் சிதைத்து வெளியேற்றும் திறன் அதன் கல்லீரலுக்குக் குறைவு. போதாததற்கு, பூனை தன் உடம்பை நக்கியே சுத்தம் செய்யும். தோலில் தடவியது வயிற்றுக்குள் போய்விடும். பினாயில், மண்ணெண்ணெய்க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

அடையாளம் காண்பது எப்படி?

தெள்ளுப்பூச்சி: வால் அடியிலும் பின்முதுகிலும் அரிப்பு, முடி உதிர்வு இருக்கும். பேன் சீப்பால் வாரி, விழும் கருப்புத் துகளை ஈரமான வெள்ளைத் துணியில் வையுங்கள். செந்நிறமாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம். தெள்ளு அதிகமானால் குட்டிகள் ரத்தசோகையால் சாகவும் கூடும்.

சொறி: கண்ணுக்குத் தெரியாத ஒருவகை உண்ணியால் வருவது. காது மடல் ஓரத்தில் தொடங்கி முகம், கழுத்து என்று பரவும். தடித்த சாம்பல் நிறப் பொருக்கும் கடுமையான அரிப்பும் இருக்கும். மற்ற பூனைகளுக்கு வேகமாகத் தொற்றும்.

காது உண்ணி: காதுக்குள் காபித்தூள் போன்ற அழுக்கு சேரும். பூனை அடிக்கடி தலையை உதறும்.

படர்தாமரை: இது பூஞ்சை நோய். வட்ட வட்டமாக முடி கொட்டிச் செதில் உதிரும். அரிப்பு குறைவாகவே இருக்கலாம். பூனையைத் தூக்கி விளையாடும் குழந்தைகளுக்கும் தொற்றும். குழந்தையின் கையில் வட்டத் தடிப்பு தெரிந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். பூனையையும் பரிசோதிக்கச் செய்யுங்கள்.

வராமல் தடுக்க...

- பூனை படுக்கும் சாக்கு, துணியை வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போடுங்கள். தெள்ளின் முட்டையும் புழுவும் அங்கேதான் இருக்கும்.
- வாரம் இருமுறை சீப்பால் வாரிப் பாருங்கள்.
- புதிதாக வரும் பூனையை இரண்டு வாரமாவது தனியே வையுங்கள்.
- ஒன்றுக்கு நோய் வந்தால் வீட்டிலுள்ள எல்லாப் பூனைகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தவறித் தடவிவிட்டால்...

எச்சில் ஒழுகுதல், உடல் நடுக்கம், வலிப்பு ஆகியவை நச்சின் அறிகுறிகள். அறிகுறி தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு மருந்தைக் கழுவி, துண்டில் சுற்றி, நக்கவிடாமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மருந்து பாட்டிலையும் எடுத்துச் செல்லுங்கள். வலிப்பு வந்துவிட்டால் கழுவிக்கொண்டிருக்காமல் நேரே மருத்துவரிடம் ஓடுங்கள்.

பூனைக்கான மருந்தின் அளவு அதன் எடையைப் பொறுத்தது. மாட்டுக்குப் போடும் ஊசி மருந்தைக் கண்ணளவில் கொடுப்பதும் ஆபத்தே. ஒரு கூடையில் வைத்துப் பக்கத்திலுள்ள கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனால், பெரும்பாலான தோல் நோய்கள் சில வாரச் சிகிச்சையில் குணமாகிவிடும்.