வேனின் பின் கதவு ஒட்டவில்லையா? நீங்களே சரிசெய்யலாம்

கோயம்பேட்டிலிருந்து சரக்கேற்றிக்கொண்டு குமணன்சாவடிப் பக்கம் திரும்பும் ஆம்னி வேன்களைப் பின்னாலிருந்து பாருங்கள். சிலவற்றில் பின் கதவு ஒரு பக்கம் தூக்கியும் ஒரு பக்கம் இறங்கியும் நிற்கும். கயிறு போட்டுக் கட்டி ஓட்டுபவர்களும் உண்டு. மாருதி நிறுவனம் 1984-இல் கொண்டுவந்த இந்த வேனின் உற்பத்தி 2019-இல் நின்றுவிட்டது. பழைய வண்டிதானே என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

மழையில் சர்க்கரை மூட்டை நனைவது கண்ணுக்குத் தெரியும் நஷ்டம். தெரியாதது ஒன்று உண்டு. பெட்டி போன்ற வண்டி ஓடும்போது அதன் பின்புறம் காற்றழுத்தம் குறைந்து, சைலன்சர் புகை அங்கேயே சுழலும். கதவில் இடைவெளி இருந்தால் புகை உள்ளே வரும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. தலைவலி, மயக்கம், அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வரும் கடைப் பையனுக்குத்தான் முதல் பாதிப்பு. கதவைத் திறந்து வைத்துக் கட்டி ஓட்டுவது இதைவிட மோசம்.

கோளாறு எங்கே?

கதவைத் திறந்து, கீழ் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள். கீல் ஆடினால் தேய்ந்துவிட்டது என்று பொருள், மாற்றத்தான் வேண்டும். கீல் உறுதியாக இருந்து, மூடியபின் இரு பக்க இடைவெளியும் ஒரே சீராக இல்லை என்றால் கீலின் போல்ட் நகர்ந்திருக்கலாம். இடைவெளி சீராக இருந்தும் ஓங்கி அறைந்தால்தான் பூட்டுகிறது என்றால், கீழே லாக் மாட்டும் கொண்டியைப் பாருங்கள்.

செய்யும் முறை

இது இரண்டு பேர் வேலை. டிக்கி ஷாக் தள்ளும் வேகத்தில் கதவு கூரையில் இடிக்கக்கூடும். ஒருவர் கதவை விடாமல் பிடித்திருக்க வேண்டும். ஷாக்கினுள் உயர் அழுத்த வாயு இருப்பதால் அதைத் துளைப்பதோ சூடாக்குவதோ கூடாது.

முதலில் கொண்டியைக் கழற்றி வையுங்கள். பலரும் இதைச் செய்வதில்லை. கொண்டி தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும்வரை கதவின் உண்மையான நிலை தெரியவே தெரியாது. பிறகு கீலைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, போல்ட்டைக் கழற்றாமல் சற்றே தளர்த்துங்கள். நகர்த்துவது நூலளவுதான். இறுக்கி, மெல்ல மூடி, இரு பக்கமும் பாருங்கள். சரியாகும்வரை பொறுமையாக இதையே செய்ய வேண்டும். கடைசியில் கொண்டியை மாட்டி, லாக் நேராக வந்து உட்காரும்படி வைத்து இறுக்குங்கள்.

பீடிங் சோதனை

பழைய பில் தாள் ஒன்றை ரப்பர் பீடிங் மேல் வைத்துக் கதவை மூடி இழுங்கள். இறுக்கமாக வர வேண்டும். சுற்றிலும் ஐந்தாறு இடங்களில் இப்படிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் லேசாக உருவிக்கொண்டு வந்தால் அங்கே பீடிங் அமுங்கிப்போயிருக்கும். புது பீடிங் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் விசாரிக்கலாம். பழைய கீலுக்குப் புதுப்பேட்டை இருக்கவே இருக்கிறது. பிறகு ஒருவரை டார்ச்சுடன் உள்ளே உட்காரவைத்து, வெளியிலிருந்து தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

பின்னால் இடி வாங்கிய வண்டி என்றால் கதவுச் சட்டமே கோணியிருக்கும். அதற்கு ஸ்பேனர் போதாது. டிங்கரிடம்தான் விட வேண்டும்.