வேலை இழந்த காலத்தில் உதவித்தொகை கேட்பது எப்படி?

தென் அந்தமானில் கடலோரமாக அமைந்த சிற்றூர் வண்டூர். 1983 இல் ஏற்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் தீவுகளுக்கு இங்கிருந்தே படகுகள் புறப்படுகின்றன. மழைக்காலம் வந்தால் ஜாலி பாய் தீவுக்குப் படகு செல்வதில்லை. பயணிகளை நம்பி வாழும் படகுத்துறைக்கும் கடைகளுக்கும் அது தளர்ச்சிக் காலம். தாயகத்திலிருந்து வந்து இத்தகைய கூலியை நம்பியிருப்பவர், அந்நாட்களில் அரசாங்கத்திடமிருந்து எதைக் கேட்கலாம், எங்கே கேட்கலாம் என்பதை ஈண்டு காண்போம்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டால் உதவித்தொகையும் உடன் வரும் என்று எண்ணுவோர் பலர். பிரிட்டனில் அவ்வாறுதான் ஏற்பட்டது. 1910 இல் அங்கே வேலைவாய்ப்பு நிலையங்கள் திறக்கப்பெற்றன. 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காப்பீடு பெற்ற தொழிலாளி, அந்நிலையத்தில் கையெழுத்திட்டே வாரம் 7 ஷில்லிங் பெற்றார். நம் நாட்டிலோ 1945 இல் போர்வீரர்களின் மறுவாழ்வுக்காக எழுந்த நிலையங்கள் வேலை தேடித் தருவதற்கே அமைந்தன. பணம் வழங்கும் வாயில்கள் வேறு. ஒரு வாயிலில் தட்டிவிட்டு மற்றொன்று திறக்குமென்று காத்திருந்தால் மாதங்கள் வீணாகும்.

முதல் வாயில் தொழிலாளர் ஈட்டுறுதிக் காப்பீடு, அதாவது ஈ.எஸ்.ஐ. இதன்கீழ் 2018 ஜூலை 1 முதல் அடல் காப்பீட்டாளர் நலத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. நாட்கூலிச் சராசரியில் கால் பங்காக இருந்த உதவி 2020 இல் பாதியாக உயர்ந்தது. வாழ்நாளில் 90 நாட்கள் வரையே கிட்டும். இரண்டு ஆண்டுக் காப்பீட்டுப் பணி வேண்டும். வேலை போவதற்கு முந்தைய ஆறுமாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்கேனும், அதற்கு முன்னுள்ள மூன்று காலங்களுள் ஒன்றில் மேலும் 78 நாட்களுக்கேனும் சந்தா செலுத்தப்பட்டிருக்க வேண்டும். வேலை போய் 30 நாட்களுக்குப் பின் நேரே விண்ணப்பிக்கலாம். இடையில் வேறு வேலை அமைந்தால், அதுவரை வேலையற்றிருந்த நாட்களுக்கு மட்டும் தொகை உண்டு. திட்டத்தின் தவணை அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வருவது. ஆதலின் விண்ணப்பிக்குமுன் கிளை அலுவலகத்தில் கேட்டறிதல் நன்று.

இங்கே கவனிக்க வேண்டியது, வேலை நீங்கிய காரணம். தாமே விலகியவருக்கும் ஒழுங்கு நடவடிக்கையால் நீக்கப்பட்டவருக்கும் உதவி இல்லை. ஆள்குறைப்புச் செய்யும் முதலாளி, கணக்கு முடிக்கும் அவசரத்தில், ‘சொந்த விருப்பத்தால் விலகுகிறேன்’ என்று எழுதிய தாளை நீட்டினால், படித்துப் பாராமல் கையொப்பமிடலாகாது. அந்த ஒரு வரி மூன்று மாத உதவியைப் பறித்துவிடும்.

பத்துப் பேருக்குக் குறைந்த சிறு படகுக்கும் சிறு கடைக்கும் பொதுவாக இக்காப்பீடு எட்டுவதில்லை. அவர்களுக்கு உரியது இரண்டாம் வாயிலாகிய ஊராட்சி. 2005 ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலை கேட்ட 15 நாட்களுக்குள் வேலை தராவிடில் படி தரவேண்டும் என்று விதித்தது: முதல் 30 நாட்களுக்குக் கூலியில் கால் பங்கு, பின்னர் அரைப் பங்கு. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இதற்கு மாற்றாக 125 நாள் வேலை கூறும் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. உழவு மும்முரமான பருவங்களில் ஆண்டுக்கு 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கவும் அதில் இடமுண்டு. எந்த விதி இன்று நடப்பிலுள்ளது என்பதை ஊராட்சியிலேயே கேட்டுக்கொள்க.

வேலை அட்டை வைத்திருப்பது வேறு, வேலை கேட்பது வேறு. அட்டையைப் பெட்டியில் பூட்டிவைத்து, ‘எனக்கு யாரும் வேலை தரவில்லை’ என்றால் படி பிறவாது. எழுத்தில் வேலை கேட்டு, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டைப் பெற வேண்டும். அத்தேதியிலிருந்தே 15 நாள் எண்ணப்படும். சீட்டில்லாதவர் கேட்டதற்குச் சான்று ஏது? வேலை தந்து அழைத்தபோது 15 நாட்களுக்குள் செல்லாதவர், பழைய சட்டத்தின்படி, மூன்று மாதம் படிக்குத் தகுதியிழந்தார்.

அட்டை குடும்பத்தின் பெயரில், வசிக்கும் ஊரின் ஊராட்சி தருவது. தாயகத்து அட்டையைக் கொண்டு வண்டூரில் வேலை கேட்க இயலாது; இங்கே குடியிருப்பதைக் காட்டிப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

தமிழ்நாட்டரசு படித்த வேலையற்றோருக்குத் தரும் உதவியையும் சிலர் வினவுவர். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு காத்திருந்தவருக்கே அது உரியது. வருமான வரம்பும், தமிழ்நாட்டில் குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. தீவில் வாழ்வோர் அதை நம்பியிருத்தல் பயனற்றது. ஆயினும் ஊர் திரும்பும் எண்ணமுடையோர் மூன்றாண்டுக்கு ஒருமுறை தம் பதிவைப் புதுப்பித்து வரலாம்.

இடம்விட்டு இடம் பெயர்வோருக்கு இன்னொன்று. ஈ.எஸ்.ஐ. காப்பீட்டு எண் ஒருவருக்கு ஒன்றே. சென்னையில் பெற்ற எண்ணை அந்தமான் முதலாளியிடமும் கொடுக்க வேண்டும். புதிய எண் எழுதப்பட்டுவிட்டால் சந்தா நாட்கள் இரு கணக்காகப் பிரிந்து, 78 நாளைக் காட்டுவது அரிதாகும்.