உஷார்! நைட் ஷிஃப்ட் முடிந்து நேரே சபைக்கா?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் வேலை பார்க்கும் தம்பி, தங்கச்சிகளே! இதைப் படித்துவிட்டு வண்டிச் சாவியை எடுங்கள்.

ஒரகடத்தில் உதிரிபாகக் கம்பெனியில் ஒரு தம்பி. ஞாயிறு விடிகாலையில் நைட் ஷிஃப்ட் முடிந்தது. ரூமுக்குப் போகவில்லை. ஆராதனையில் கிதார் வாசிக்க வேண்டும். பிறகு வாலிபர் கூட்டம். சாயங்காலம் வீட்டு ஜெபம். யாருக்கும் 'முடியாது' சொல்லத் தெரியாத பிள்ளை. இரவு வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டில் திரும்பும்போது கண் சொக்கியது. பைக் நடுத்தடுப்பில் மோதியது. கால் முறிவு. பின்னால் கன்டெய்னர் லாரி வராததால் உயிர் மிச்சம்.

அந்தப் பிள்ளை மதுவைத் தொட்டதே இல்லை. ஆனால் கேளுங்கள்: தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தாலே, ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் ஏறியவரைப் போலக் கவனம் மந்தமாகிவிடும் என்கின்றன ஆய்வுகள். நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் வைத்த வரம்பு 0.03 தான்! போலீஸ் ஊதச் சொன்னாலும் கருவி காட்டிக்கொடுக்காது. அதுதான் பயமே.

பிரசங்கத்தில் தலை தொங்குகிறதா? ஜெபம் பாதியில் அறுந்துபோகிறதா? பிள்ளை ஒரு வார்த்தை கேட்டாலே எரிந்து விழுகிறீர்களா? உஷார். வந்த வழியே ஞாபகமில்லையா? இன்றைக்கு அந்த வண்டியைத் தொடவே தொடாதீர்கள்!

ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. இ.எம்.ஐ. கட்டுகிறவருக்கு அந்த ஆசை வராமல் இருக்குமா? ஆனால் லீவு நாளை ஓ.டி.க்கும், மிச்சத்தைக் கூட்டங்களுக்கும், அதற்கும் மிச்சத்தை ரீல்ஸுக்கும் கொடுத்தால் தூக்கத்துக்கு என்ன இருக்கிறது?

தூங்கினால் விசுவாசக் குறைவு என்று மிரட்டுகிறவர்களும் உண்டு. (அவர்களில் எத்தனை பேர் நைட் பார்த்தவர்கள்?) 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். சோர்ந்துபோய்ச் சாவைக் கேட்டுப் படுத்த எலியாவுக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டு மறுபடி படுத்துக்கொண்டான். இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்ன பிறகுதான் ஓரேபுக்குப் பயணம்.

ஷிஃப்ட் அட்டவணை வந்ததும் முதலில் தூக்கத்துக்கு நேரம் குறியுங்கள். எழுந்ததும், செல்லைத் தொடும் முன் வேதமும் ஜெபமும். நைட் வாரத்தில் கூட்டம் ஒன்றே ஒன்று, அதுவும் தூங்கி எழுந்த பிறகு. அட்டவணையைப் பாஸ்டருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

பாஸ்டர் ஐயாமாரே, நைட் பார்க்கும் பிள்ளைகளுக்காக ஞாயிறு சாயங்காலம் ஓர் ஆராதனை வையுங்கள். தம்பிகளா, நைட் முடிந்த காலையில் பைக் வேண்டாம். கம்பெனி பஸ்ஸிலேயே வீட்டுக்கு வந்துவிடுங்கள்.