மலையில் சுரங்கம், சமவெளியில் சோறு

ஜப்பானின் கிஃபு மலைகளில் பிறக்கும் ஜின்சு ஆறு, தொயாமா சமவெளியின் வயல்களை நனைத்துக் கடலில் சேர்கிறது. மலையில் அதன் கிளையாற்றங்கரையில் காமியோகா சுரங்கம் இருந்தது. துத்தநாகத்துக்காகவும் ஈயத்துக்காகவும் அங்கே பாறையைப் பொடித்தார்கள். துத்தநாகத் தாதுவோடு கொஞ்சம் காட்மியமும் கலந்தே வரும். தாதுவைப் பிரித்தபின் மிஞ்சிய தூளோடு அது ஆற்றில் இறங்கியது. கீழே இருந்தவர்கள் அந்த நீரைக் குடித்தார்கள். அதிலேயே நெல் விளைவித்தார்கள்.

முறிந்தது எலும்பு, பழுது சிறுநீரகத்தில்

அந்தச் சமவெளியில் நோய் கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் நடுவயது கடந்த பெண்கள், பல பிள்ளைகள் பெற்றவர்கள். முதலில் இடுப்பும் முழங்காலும் வலிக்கும். பிறகு நடை தள்ளாடும். முற்றிய நிலையில், இருமினாலே விலா எலும்பு முறியும். இதுதான் ‘இத்தாய் இத்தாய்’ (ஜப்பானிய மொழியில் ‘வலிக்கிறதே, வலிக்கிறதே’) நோய்.

உள்ளூர் மருத்துவர் ஹகினோ நொபொரு, 1961இல் காட்மியமே காரணம் என்றார். அரசு அதை ஏற்க 1968 ஆயிற்று.

காட்மியம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிகிறது. சிறுநீரில் வீணாகாமல் பாஸ்பேட், கால்சியம் போன்ற சத்துகளை ரத்தத்துக்கு மீட்டுத் தருவது அந்தக் குழாய்களின் வேலை. அவை பழுதானால் சத்து ஒழுகிப்போகும், எலும்பு மென்மையாகும். உள்ளே போன காட்மியத்தில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். படிந்ததைக் கரைத்து எடுக்க நிரூபிக்கப்பட்ட மருந்து கிடையாது.

தண்ணீரை மட்டும் சோதித்தால் போதாது

குடிநீரில் காட்மியம் லிட்டருக்கு 0.003 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் ஆற்று நீர் இந்த வரம்புக்குள் இருப்பதாலேயே நிம்மதி அடைந்துவிட முடியாது. உலோகம் வண்டலோடு ஒட்டிக்கொண்டு வெள்ளத்தில் வயலேறும். பாய்ச்சப் பாய்ச்ச மண்ணில் சேரும். அங்கிருந்து அதை உறிஞ்சிக் கதிருக்கு அனுப்புவது நெற்பயிர். ஆகவே வண்டலையும் வயல் மண்ணையும் அரிசியையும் சேர்த்தே சோதிக்க வேண்டும். அரிசிக்குச் சர்வதேச வரம்பு, கிலோவுக்கு 0.4 மில்லிகிராம்.

நெல் விவசாயிகள் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. வயலில் நீர் நிற்கும்போது காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து மண்ணிலேயே அடங்கிக் கிடக்கும். வயல் காய்ந்தால் கரைந்து வேருக்குப் போகும். அதனால்தான் ஜப்பானில், மாசுபட்ட வயல்களில் கதிர் வெளிவருவதற்கு முன்னும் பின்னும் மும்மூன்று வாரம் தண்ணீர் கட்டச் சொல்கிறார்கள். இன்னொரு நச்சான ஆர்சனிக்கோ இதற்கு நேர்மாறு. நீர் நின்றால்தான் பயிரில் ஏறும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுவது நல்ல முறைதான். ஆனாலும் மண்ணில் எந்த நச்சு இருக்கிறது என்று தெரியாமல் எல்லா வயலுக்கும் ஒரே யோசனை சொல்வது சரியல்ல.

ரத்தசோகையும் புகையும்

இரும்புச்சத்து குறைந்த உடல் காட்மியத்தைக் கூடுதலாக உறிஞ்சும். இந்தியாவில் 15–49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வு. ரத்தசோகையைக் கவனிக்க இன்னொரு காரணமாக இதைக் கொள்ளலாம். புகையிலைச் செடியும் காட்மியத்தை இழுத்து இலையில் சேர்ப்பதால் புகைப்பவர்களின் உடலில் அது அதிகம். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உலோகம் போகாது. சுரங்கத்துக்கோ உலோக ஆலைக்கோ கீழ்ப்புறம் நெடுங்காலம் வாழ்பவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லிச் சிறுநீரகப் பரிசோதனை கேட்கலாம்.

ஊரார் வென்ற உரிமை

சுரங்க நிறுவனத்தின்மேல் தொடுத்த வழக்கில், 1971இல் தொயாமா நீதிமன்றத்திலும் 1972இல் மேல்முறையீட்டிலும் ஜின்சு ஆற்றங்கரை மக்கள் வென்றார்கள். இழப்பீட்டைவிட அவர்கள் பெற்ற இன்னொன்றையே நான் பெரிதாக நினைக்கிறேன்: நிபுணர்களோடு சுரங்க வளாகத்துக்குள் நுழைந்து சோதிக்கும் உரிமை, அதுவும் நிறுவனத்தின் செலவில். மாசுபட்ட வயல்மண்ணைச் சீராக்கும் பணி 30 ஆண்டுகளுக்கு மேல் நடந்து 2012இல்தான் முடிந்தது. சுரங்கத்தில் தாது தோண்டுவது 2001இல் நின்றது. கழிவு மேடுகள் மலையிலேயே இருப்பதால் கண்காணிப்பு நிற்கவில்லை.