அந்தப் பத்திரிகை யாருடையது?

நம்ம பிள்ளைங்க காலேஜ் போனதும் சேருகிற கிளப்புகள் நமக்கு ஓரளவு பழக்கம்தான். ரோபாடிக்ஸ், டிபேட், டான்ஸ் டீம், ப்ரீ-மெட் சங்கம். "லிட்டரரி மேகசின்ல எடிட்டரா இருக்கேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால் மட்டும் கொஞ்சம் முழிக்கிறோம். கிரெடிட் உண்டா, சம்பளம் உண்டா, ரெஸ்யூமேயில் போடலாமா? முதல் இரண்டும் பெரும்பாலும் கிடையாது. மூன்றாவது உண்டு. ஆனால் நான் எழுத வந்தது அதைப் பற்றி இல்லை.

என் மகள் இரண்டாம் வருஷம். அவளோட பத்திரிகை வருஷத்துக்கு இரண்டு தடவை வரும். லீவுக்கு வீட்டுக்கு வந்தபோதும் லேப்டாப்பும் கையுமாகவே இருந்தாள். குவிந்து கிடந்த கதை, கவிதைகளில் அவள் பங்குக்கு அறுபதோ எழுபதோ. எழுதினவங்க பேர் இருக்காது. ஒவ்வொன்றையும் இரண்டு பேராவது படித்து, குறிப்பு எழுதி, அப்புறம் கூட்டத்தில் உட்கார்ந்து வாதாடி, கை தூக்கி முடிவு பண்ணுவார்களாம். "உன் கவிதையையும் போடுவாங்களாடி கண்ணு?" என்று கேட்டார் என் அம்மா. "இல்ல பாட்டி, மத்தவங்களோடதைத்தான் நாங்க போடுவோம்." இதில் இவளுக்கு என்ன லாபம் என்று அம்மா இன்னும் என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

அந்த லீவில் அவள் ரொம்ப நேரம் செலவழித்தது ஒரே ஒரு ஈமெயிலுக்கு. ஒரே அறையில் தங்கும் தோழியின் கதை தேர்வாகவில்லை. பேர் இல்லாமல் படித்தாலும் அது யாருடையது என்று இவளுக்குத் தெரிந்துபோய், ஓட்டுப் போடாமல் ஒதுங்கிவிட்டாள். ஆனாலும் 'வேண்டாம்' என்று எழுதுகிற வேலை இவள் தலையில்தான் விழுந்தது. மூன்று தடவை எழுதி அழித்தாள். பத்தொன்பது வயதில் நான் யாருக்கும் அப்படி ஒரு கடிதம் எழுதினதில்லை.

இதெல்லாம் சாதாரண நாட்களின் வேலை. மாணவர் பத்திரிகைகளின் வரலாற்றில் அசாதாரண நாட்களும் உண்டு. அதில் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது, சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1958-ல் நடந்தது. பின்னாளில் ஏ.கே. ராமானுஜன் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனாரே, அதே பல்கலைக்கழகம்தான். இது அவர் அங்கே வருவதற்கு முந்தைய கதை.

'சிகாகோ ரிவ்யூ' 1946-ல் மாணவர்கள் தொடங்கிய பத்திரிகை. 1958-ல் அதன் ஆசிரியர் இர்விங் ரோசென்தால் என்ற முதுநிலை மாணவர். கவிதைப் பகுதியைப் பார்த்துக்கொண்டவர் பால் கரோல். பெரிய பத்திரிகைகள் தயங்கிய சான் பிரான்சிஸ்கோ எழுத்தாளர்களை, ஆலன் கின்ஸ்பெர்க், ஜாக் கெரோவாக் போன்றவர்களை, இவர்கள் தைரியமாகப் போட்டார்கள். வில்லியம் பரோஸ் எழுதி வெளியாகாமல் கிடந்த 'நேக்கட் லஞ்ச்' நாவலின் பகுதிகளையும் போட ஆரம்பித்தார்கள். போதைப் பழக்கம், பச்சையான வார்த்தைகள் எல்லாம் உள்ள புத்தகம். நம்ம வீட்டுக் காபி டேபிளில் வைக்கிற சமாச்சாரம் இல்லை.

அந்த அக்டோபரில் 'சிகாகோ டெய்லி நியூஸ்' நாளிதழில் ஜாக் மேப்லி என்ற பத்தி எழுத்தாளர் இதைக் கண்டித்து எழுதினார். பத்திரிகையின் பேரைச் சொல்லாமலேயே, பல்கலைக்கழகத்தின் காசில் ஆபாசம் அச்சாகிறது என்று குற்றம்சாட்டினார். நேரமும் சரியில்லை. பல்கலைக்கழகம் இருக்கும் ஹைட் பார்க் பகுதியைச் சீரமைக்க ஒரு பெரிய திட்டம் அப்போது நகராட்சி மன்றத்தின் முன்னால் இருந்தது. நன்கொடையாளர்களின் முகத்தையும் பார்க்க வேண்டும். தலைவர் லாரன்ஸ் கிம்ப்டனின் நிர்வாகம், வரப்போகும் குளிர்கால இதழ் யாரையும் சீண்டாததாக இருக்கணும் என்று தெரிவித்தது. ரோசென்தால் தயார் செய்து வைத்திருந்த இதழில் பரோஸும் கெரோவாக்கும் எட்வர்ட் டால்பெர்க்கும் இருந்தார்கள். அந்த இதழ் வரவில்லை.

ஆசிரியர் குழுவில் ஒருத்தரைத் தவிர மற்ற எல்லாரும் ராஜினாமா செய்தார்கள்.

வெளியே போனவர்கள் சும்மா இருக்கவில்லை. ரோசென்தாலும் கரோலும் அந்த எழுத்துகளை எடுத்துக்கொண்டு 'பிக் டேபிள்' என்று புதுப் பத்திரிகை தொடங்கினார்கள். பேர் வைத்தவர் கெரோவாக். பணம் திரட்ட 1959 ஜனவரியில் கின்ஸ்பெர்க்கும் கிரெகரி கோர்சோவும் சிகாகோவுக்கு வந்து கவிதை வாசித்தார்கள். மார்ச்சில் முதல் இதழ் வந்தது. உடனே தபால் துறை, ஆபாசம் என்று சொல்லி 400-க்கும் அதிகமான பிரதிகளைப் பிடித்து வைத்துக்கொண்டது. வழக்கு 1960-ல் முடிந்தது. இதழ் ஆபாசமானது இல்லை என்று தீர்ப்பளித்தவர் நீதிபதி ஜூலியஸ் ஹாஃப்மன். (வியட்நாம் போர் எதிர்ப்பாளர்கள் மீதான 'சிகாகோ செவன்' வழக்கில் அத்தனை கடுமை காட்டினாரே, அவரேதான்!) இதற்கிடையில், முன்பு ஒரு தடவை 'வேண்டாம்' என்று திருப்பியிருந்த பாரிஸ் பதிப்பாளர் மாரிஸ் ஜிரோடியாஸ், இந்தக் களேபரத்துக்குப் பிறகு 1959-லேயே நாவலைப் புத்தகமாகப் போட்டார். நாலைந்து மாணவர்கள் தபாலில் வந்த காகிதங்களைப் படித்து 'இது வரணும்' என்று சொன்னதில் ஆரம்பித்தது இது.

கதையை இங்கே நிறுத்தினால் நல்ல சினிமா. ஆனால் ராஜினாமா செய்யாத அந்த ஒருத்தர்தான் என் மண்டையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் பெயர் ஹ்யூங் வூங் பாக். எல்லாரும் போன பிறகு சிகாகோ ரிவ்யூவின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றுக்கொண்டு, பத்திரிகை நின்றுபோகாமல் பார்த்துக்கொண்டார். இன்றைக்கும் அது வந்துகொண்டிருக்கிறது. பிக் டேபிள் ஐந்து இதழோடு முடிந்தது.

இலக்கிய வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் போனவர்களைத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் 1958-ல் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில், கொரியப் பேரோடு, சகாக்கள் எல்லாரும் கதவைச் சாத்திவிட்டுப் போன அறையில் தனியாக உட்கார்ந்து அடுத்த இதழுக்கு வேலை பார்ப்பது லேசான காரியமா? நிர்வாகத்துக்கு வளைந்து கொடுத்தார் என்று சொல்லலாம். பத்திரிகையைக் காப்பாற்றினார் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மைதான் என்று நினைக்கிறேன். நம்ம வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளிடம் இந்த இரண்டு குரலும் இருக்கும். "அநியாயத்துக்குத் துணை போகாதே" என்றும் சொல்லித்தான் வளர்க்கிறோம், "வந்த இடத்துல வம்பு வேண்டாம்" என்றும் சொல்லித்தான் வளர்க்கிறோம். எந்தக் குரல் எப்போது மேலே வரும் என்பது அப்படி ஒரு அறையில் உட்காரும்போதுதான் அவங்களுக்கே தெரியும்.

அதனால் பிள்ளை எடிட்டர் ஆகிவிட்டால், கிரெடிட் பற்றிக் கேட்பதைவிட வேறு சிலதைக் கேட்டுப் பார்க்கலாம். அச்சுச் செலவு யார் தருகிறார்கள்? மாணவர் கட்டணத்திலிருந்தா, துறையிலிருந்தா, நன்கொடையா? அச்சுக்குப் போகிற கடைசி நிமிஷத்தில் ஒரு இதழை நிறுத்தச் சொல்ல யாருக்கு அதிகாரம்? பேராசிரியர் ஆலோசகர் இருந்தால், அவர் யோசனை சொல்கிறவரா, ஒப்புதல் கொடுக்கிறவரா? அமெரிக்காவில் என்றால் அது அரசுப் பல்கலைக்கழகமா தனியாரா என்பதையும் கேளுங்கள். அரசியல் சட்டம் தரும் பேச்சுரிமைப் பாதுகாப்பு அரசின் கையைத்தான் நேரடியாகக் கட்டும். தனியார் நிறுவனத்தில் அதன் சொந்த விதிகளையும் வாக்குறுதிகளையும்தான் பெரும்பாலும் நம்ப வேண்டியிருக்கும். சிகாகோ பல்கலைக்கழகம் தனியார்தான்.

போன மாதம் இதையெல்லாம் மகளிடம் கேட்டேன். "அப்பா, இது என்ன இன்டர்வியூவா?" என்றாள். அப்புறம் அவர்களுடைய விதிமுறைகளைத் தேடி எடுத்தாள். மொத்தமே ஒன்றரைப் பக்கம். எத்தனை பேர் ஓட்டுப் போடணும், பீட்சாவுக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்பதெல்லாம் இருக்கிறது. இதழை யார் நிறுத்தலாம் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. வருகிற செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு அதை எழுதி எடுத்துக்கொண்டு போகிறாள். குழுவில் இரண்டு பேர் இப்போதே எதிர்ப்பாம், "இல்லாத பிரச்சினையை எதுக்குக் கிளப்பணும்?" என்று.